செருப்புக் காவல்

சிதம்பரத்துக்காரர்கள் கடலூருக்குப் போவதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போவார்கள், கோர்ட்டில் வாய்தாவுக்குப் போவார்கள், பெரியாஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். சும்மா ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாமே என்று கடலூருக்குக் கிளம்பிய ஆளைச் சிதம்பரம் அதுவரை கண்டதில்லை. பவானிதான் முதல் ஆள்.

பவானிக்கு நாற்பத்து நாலு வயது. இரண்டு பிள்ளைகள். அண்ணாமலை நகரில் புருஷன் திருநாவுக்கரசு நடத்தும் மெஸ்ஸில் பாதி உயிர் அவளுடையது. காலை நாலு மணிக்கு எழுந்து இட்லிப் பானையை ஏற்றினால், ராத்திரி கடைசி மாணவன் கை கழுவிவிட்டுப் போகும்வரை கால் தரையில் நிற்காது. பத்தொன்பது வருஷமாக இதே கதைதான். செமஸ்டர் லீவில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மெஸ்ஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. அப்போதுதான் அந்த ஆசை அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது.

"ரெண்டு நாள் கடலூரு போயி இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

திருநாவுக்கரசு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா வூட்டுக்கா? தாராளமா போயிட்டு வா. அவளும் நீ வரவே இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கறா."

பவானி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்கு என்று அவராகத்தான் சொன்னார். இல்லை என்று அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பொய் என்று பெயர் வைத்தால் உலகத்தில் ஒரு குடும்பமும் மிஞ்சாது.

அக்கா என்பது புஷ்பவள்ளி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏழு பேர் இருக்கும் வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கும் நாத்தனார். நல்ல மனுஷிதான். ஆனால் அந்த வீட்டுக்கு மட்டுமில்லை, உறவில் எந்த வீட்டுக்குப் போனாலும் பவானிக்கு நடப்பது ஒன்றுதான். காபி கொடுப்பார்கள், சௌக்கியம் விசாரிப்பார்கள், பிறகு "மெஸ்காரம்மா கையால ஒரு சாம்பார் வச்சா எப்பிடி இருக்கும்" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரசம் கூட்டியவள் அவள். அதனால் இந்த முறை லாட்ஜ். தனி அறை. இதுவரை அவள் ஒரு ராத்திரிகூடத் தனியாக ஓர் அறையில் தூங்கியதில்லை.

காலேஜ் படிக்கும் மகள் சிந்துஜாதான் கூட்டாளி. போனில் தடவித் தடவி ஒரு லாட்ஜைப் பிடித்தாள். "கடலுக்கு ரெண்டு கிலோமீட்டர்தாம்மா. ஏசி வேணாம்ல? எதுக்கும்மா கடலூரு, பாண்டிச்சேரி போயேன்."

"பாண்டிச்சேரிக்கு ஒருத்தி தனியா போனா வேற பேரு வைப்பாங்க. கடலூரு போதும். அதுவும் இப்ப மாநகராட்சி ஆயிட்டுது."

உண்மையான காரணம் கடல். பவானி கடல் பார்க்காதவள் இல்லை. சாமியார்பேட்டை, பூம்புகார், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு எல்லாக் கடலுக்கும் போயிருக்கிறாள். எல்லாக் கடலிலும் அவள் பார்த்தது செருப்பைத்தான். மற்றவர்கள் தண்ணீருக்குள் இறங்குவார்கள், யாராவது ஒருத்தர் பொருள்களைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே, பவானி பார்த்துக்கொள்வாள். பன்னிரண்டு ஜோடி செருப்பு, மூன்று வாட்ச், மாமனார் இருந்த காலத்தில் அவர் பல் செட்டு. "நீயும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாயேன்" என்று யாராவது சொல்லும்போது வேனுக்கு நேரமாகியிருக்கும். கடல் அவள் இடுப்புவரை வர வேண்டும். ஒரே ஒரு தடவை. இந்த ஆசையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் மகளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாகத் தூக்கம் போய்விட்டது. சட்னியில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

சனிக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது திருநாவுக்கரசு பின்னாலேயே வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"அக்காவுக்குக் கொத்சு. நானே பண்ணேன்."

பவானிக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. சிதம்பரத்துக் கத்திரிக்காய்க் கொத்சு, அதுவும் அவர் கையால். மெஸ்ஸில் வாரத்துக்கு ஒரு நாள்தான் அவரே நின்று செய்வார். தூக்கு கொதித்துக்கொண்டிருந்தது.

"சூடா கொண்டுபோயி குடு. அக்காவுக்கு இதுன்னா உசுரு. போன் பண்ணி நீ வரன்னு சொல்லிடட்டா?"

"வேணாங்க. திடீர்னு போயி நின்னாத்தான் சந்தோஷப்படுவாங்க" என்றாள் பவானி. இப்போது சொன்னது பொய்தான். அதில் சந்தேகமே இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. எனக்கு வாந்தி வருது, எனக்கு வெளியே பார்க்கணும் என்று அந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்ள ஒருத்தரும் இல்லை. மடியில் துண்டு சுற்றிய தூக்கு மட்டும் இருந்தது. புதுச்சத்திரம் போனது, ஆலப்பாக்கம் போனது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் பவானி தூக்கைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிப் பிடித்தாள். செம்மங்குப்பம் பக்கம் கம்பெனிகளின் மருந்து நெடி உள்ளே வந்ததும் எல்லாரும் வழக்கம்போல மூக்கை மூடிக்கொண்டார்கள். பக்கத்து சீட்டு அம்மாள் மட்டும் மூக்கை விரித்து, "கொத்சாம்மா?" என்று கேட்டார். பவானிக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. இந்த வாசனையோடு மஞ்சக்குப்பம் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டோ திருப்பாப்புலியூரிலிருந்து கெடிலம் பாலத்தைத் தாண்டி, பெரிய மைதானத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி நின்றபோதுதான் மகள் செய்த காரியம் தெரிந்தது. லாட்ஜ் இருந்ததே மஞ்சக்குப்பத்தில். புஷ்பவள்ளி வீட்டிலிருந்து மூன்று தெரு. கடலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்த பெண், அத்தைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கவில்லை.

தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். வரவேற்பு மேசையில் தேவசகாயம் என்ற பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு ஆதார் கார்டைப் பார்த்தார்.

"கூட யாரும்மா வராங்க?"

"யாரும் வரல."

"கலெக்டர் ஆபீஸ் வேலையா? இன்னிக்கு லீவாச்சே."

"அதுக்கில்லீங்க."

"கோர்ட்டும் லீவு. ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லீங்க. சும்மா."

தேவசகாயம் பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். "வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்குதும்மா. சும்மான்னு எழுதினா போலீஸ்காரங்க என்னைத்தான் கேப்பாங்க."

பவானி கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடல்ல எறங்கறதுக்கு" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வெளியே சொல்லிவிட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. கட்டத்தில் அப்படியே எழுதிக்கொண்டு சாவியை நீட்டினார். "மாடி, எட்டாம் நம்பரு. அலை ஜாஸ்தியா இருக்கும், பாத்து."

அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டதும் பவானிக்குச் சிரிப்பு வந்தது. காரணமே இல்லாத சிரிப்பு. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஜன்னல். டிவியைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். ரிமோட் அவள் கையில் இருந்தது. கட்டிலில் நட்டநடுவே, கையையும் காலையும் நான்கு பக்கம் விரித்துப் படுத்தாள். யார் மேலும் இடிக்கவில்லை. டீ சொன்னாள், மேலேயே வந்தது. ஆறுவதற்கு முன்னால் குடித்தாள். பத்தொன்பது வருஷத்தில் சூடான டீ எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று ஜன்னலோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. திருநாவுக்கரசு.

"குடுத்துட்டியா?"

பவானி மேசை மேலிருந்த தூக்கைப் பார்த்தாள். "ம்."

"அக்கா இன்னா சொன்னா?"

"அக்கா குளிக்கறாங்க."

"மத்தியானம் ஒரு மணிக்கா குளிக்கறா?"

"புழுக்கம் ஜாஸ்தி இங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஃபேன் ஓடியும் வேர்த்தது. அவர் ஒரு போன் அக்காவுக்குப் போட்டால் முடிந்தது கதை. ஊரில் நாத்தனார் இருக்கும்போது லாட்ஜில் தங்கியவள் என்ற பேர் வந்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு எல்லாக் கல்யாணத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். பேர்கூடப் போகட்டும். இனிமேல் அவள் தனியாக எங்கே கிளம்பினாலும், எங்கே, யார் வீட்டுக்கு, அவங்களைப் பேசச் சொல்லு என்று ஆகிவிடும். முதல் தடவையே கடைசித் தடவையாகிவிடும். அதுதான் அவளுக்குப் பயம்.

பயத்தோடேயே தூங்கிப்போனாள். எழுந்தபோது மணி நாலரை. யாரும் எழுப்பவில்லை, கண் தானாகத் திறந்தது. மகளின் பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் யாரோ ஒரு டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து தேவனாம்பட்டினம் போய் இறங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம், கடற்கரையில் கூட்டமான கூட்டம். சுண்டல், பஜ்ஜி, பலூன். பவானி எதையும் பார்க்கவில்லை, நேரே தண்ணீரைப் பார்த்து நடந்தாள். ஈரமணலுக்குக் கொஞ்சம் முன்னால் செருப்பைக் கழற்றினாள். அதற்கு மேல் பையை வைத்தாள். பைக்குள் போன், லாட்ஜ் சாவி, ஆதார் கார்டு. இரண்டு அடி எடுத்து வைத்தவள் நின்றாள்.

இதை யார் பார்த்துக்கொள்வது?

ஒரு வாரமாக எல்லாவற்றையும் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. அடுத்தவர் செருப்பைப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தனியாக வந்தாள். தனியாக வந்ததால் அவள் செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தன் மண்டையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டாள். சரி, கூட்டம் குறையட்டும் என்று அங்கேயே மணலில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததுதான் தப்பாகப் போயிற்று. நெய்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பம் நேராக அவளிடம் வந்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் கடற்கரையில் எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ. "அக்கா, இத கொஞ்சம் பாத்துக்கறீங்களா? அஞ்சு நிமிஷம்" என்று ஒரு பெண் சொல்லி முடிப்பதற்குள் எட்டு ஜோடி செருப்பு, ஒரு ஹெல்மெட், ஒரு பால் புட்டி அவள் எதிரே வந்து விழுந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். வாய் பழக்கதோஷத்தில் "போயிட்டு வாங்க" என்றது. அஞ்சு நிமிஷம் என்றவர்கள் முக்கால் மணி நேரம் கழித்து, சொட்டச் சொட்ட வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் இருட்ட ஆரம்பித்து, போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றிவிட்டார்.

பவானிக்கு அழுகை வந்தது. யார் மேலும் கோபித்துக்கொள்ள முடியவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பும் வழியில் நாலு இட்லி வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து, கெட்டுப்போவதற்கு முன்னால் என்று தூக்கைத் திறந்தாள். நல்லெண்ணெய் மேலே மிதந்தது. சுட்ட கத்திரிக்காய் வாசனை அறை முழுதும் நின்றது. மெஸ்ஸில் அவளுக்குக் கிடைப்பது எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொத்சுதான். மேல் கொத்சு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு நன்றாகச் சமைக்கிற மனுஷனா தன் புருஷன் என்று நினைத்தபோது அவர் மேல் ஆசையாகக்கூட இருந்தது. நாத்தனாருக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டாள். நாளைக் காலையில் யாரும் இல்லாத நேரத்தில் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டாள். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு முன்னால் இன்னும் ஒரு விடியல் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அஞ்சே முக்கால். கீழே தேவசகாயம் செய்தித்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நேத்து எறங்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். "இன்னிக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கடற்கரை காலியாக இருந்தது. தேவனாம்பட்டினத்துப் படகுகள் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. கிழக்கே சிவந்துகொண்டு வந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பூவும் தேங்காயும் வைத்த கூடை பக்கத்தில் இருந்தது. குடும்பப் பெண், நம்பலாம். பவானி சந்தோஷமாக அவளிடம் போனாள்.

"அக்கா, இந்தச் செருப்ப கொஞ்சம் பாத்துக்கறீங்களா? அஞ்சு நிமிஷம்."

அந்த அம்மாள் திரும்பினாள். புஷ்பவள்ளி.

ஓர் அலை வந்து போனது. புஷ்பவள்ளியின் கண் முதலில் பவானியின் கால்பக்கம் போய், மெதுவாக மேலே ஏறியது.

"பவானியா நீ? இன்னா இது சுடிதாரு?"

"சிந்துவோடது அண்ணி."

"எப்ப வந்த?"

"நேத்து."

"நேத்தா? நேத்து வந்து எங்க தங்கன?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு நாளுக்கு உண்டான பொய்யை அவள் நேற்றே செலவழித்துவிட்டாள். "லாட்ஜுல அண்ணி" என்றாள்.

"லாட்ஜுல." புஷ்பவள்ளி அந்த வார்த்தையை ஒருமுறை மென்று பார்த்தாள். "கூப்புடற தூரத்துல நான் ஒருத்தி உசுரோட இருக்கறப்ப, நீ லாட்ஜுல தங்கியிருக்கற. தம்பிக்குத் தெரியுமா இது?"

"தெரியாது. உங்க வூட்டுல இருக்கறன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

முடிந்தது என்று பவானி நினைத்தாள். தலையைக் குனிந்தவளின் கண்ணில் மறுபடி அந்தக் கூடை பட்டது. உடைக்காத தேங்காய், வாடாத பூ, பிரிக்காத கற்பூரம்.

"அண்ணி, நீங்க கோயிலுக்குக் கெளம்பினீங்களா?"

"ஆமா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாடலீஸ்வரரப் பாக்காம இருக்க மாட்டேன். ஊருக்கே தெரியும்."

"கோயிலு அந்தாண்ட இல்ல இருக்குது?"

புஷ்பவள்ளி கடலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே காகிதத்தில் மடித்த திருநீறு.

"வூட்டுக்குத் திரும்பறப்ப இத பூசிக்கிட்டுப் போவேன். தேங்காய வழியில ஒடச்சிக்குவேன்." குரல் இறங்கிவிட்டது. "நாலு வருஷமாச்சு பவானி. அத்த, அம்மா, ஆயான்னு ஒருத்தரும் கூப்புடாம ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போவேன். அவ்ளோதான். சாமிகிட்ட மன்னிப்பும் கேட்டுக்குவேன்."

பவானி அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். உட்காரவிடவில்லை புஷ்பவள்ளி.

"நீ எதுக்கு வந்த? உக்காரவா வந்த?"

"கடல்ல எறங்கலாம்னு. எப்பவும் செருப்ப பாத்துக்கிட்டே நின்னுடறன் அண்ணி."

"தெரியும். ராமேஸ்வரத்துல என் செருப்பையும் நீதான பாத்துக்கிட்ட." புஷ்பவள்ளி பவானியின் கையிலிருந்து பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போ. நான் இருக்கறன்."

தம்பியிடம் சொல்வாளா, மாட்டாளா என்று அவள் சொல்லவில்லை. கேட்கவும் பவானிக்குத் தைரியம் இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள். நாற்பத்து நாலு வயதில் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவளுக்கே தெரியாது.

முதல் அலை கணுக்காலைத் தொட்டது. சில்லென்று இருந்தது. இரண்டாவது முழங்கால். மூன்றாவது வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வந்தது, இடுப்பைத் தாண்டி நெஞ்சுவரை அடித்து ஆளையே ஒரு சுற்று சுற்றிவிட்டது. பவானி கத்தினாள். வாயெல்லாம் உப்பு. காலுக்குக் கீழே மணல் கரைந்து ஓடியது, கூச்சத்தில் சிரித்தாள், சிரிக்கும்போதே அடுத்தது வந்தது. சூரியன் தண்ணீருக்கு மேல் பாதி ஏறியிருந்தது. அவளைச் சுற்றித் தண்ணீரெல்லாம் சிவப்பாக இருந்தது. பிள்ளைகள் நினைவு வரவில்லை, மெஸ் நினைவு வரவில்லை, இட்லிப் பானை நினைவு வரவில்லை. இவ்வளவு சந்தோஷம் இத்தனை வருஷமாக இவ்வளவு பக்கத்தில், பஸ்ஸேறினால் ஒன்றரை மணி நேரத்தில் இருந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. புஷ்பவள்ளி காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பவானியின் போன். அந்தச் சிவப்பு உறை இங்கிருந்தே தெரிந்தது. காலை ஆறு மணிக்கு அவளைக் கூப்பிடும் ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

எப்படிக் கரைக்கு வந்தாளோ தெரியாது. தண்ணீர் சொட்ட எதிரே வந்து நின்றபோது புஷ்பவள்ளி போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்களா?"

"அவன்தான். கடுகு டப்பா எங்க இருக்குதுன்னு கேட்டான். பவானி குளிக்கறான்னு சொன்னேன். பொய்யா?"

பவானிக்கு மூச்சு வந்தது. "வேற ஒண்ணும் கேக்கலியா?"

"கொத்சு எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டான். உப்பு ஜாஸ்தின்னு சொன்னேன்."

"உப்பு சரியாத்தான அண்ணி இருந்துச்சு."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் எங்க சாப்ட்டேன்? அவன் எது செஞ்சி அனுப்புனாலும் நான் அதத்தான் சொல்லுவேன். நல்லாருக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டான், நீ என் வூட்டுல இல்லன்னு கண்டுபுடிச்சிடுவான்." புஷ்பவள்ளி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கொத்சு எங்க?"

"நானே சாப்புட்டேன் அண்ணி. பூராவும்."

புஷ்பவள்ளி முதலில் முறைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். நாத்தனார் சிரித்து இவள் பார்த்ததே இல்லை. பவானியும் சிரித்தாள். சுடிதாரிலிருந்து சொட்டிய தண்ணீர் பூக்கூடையில் விழுந்தது.

"பஸ்ஸுக்கு முன்னாடி வூட்டுக்கு வந்துட்டுப் போவட்டுமா அண்ணி? மனசு கேக்கல."

"வராத" என்றாள் புஷ்பவள்ளி. "வந்தா கரண்டிய குடுத்துடுவோம். நானே குடுத்துடுவேன், எனக்கே தெரியாது. இன்னொரு தடவ கடலூரு வந்தா, எனக்கு மட்டும் ஒரு போன் போடு."

சொல்லிக்கொண்டே எழுந்தாள். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். செருப்பைக் கழற்றி, பவானியின் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். சுருக்குப் பையையும் தன் போனையும் எடுத்து பவானியின் கையில் கொடுத்தாள்.

"நாலு வருஷமா வரேன். ஒரு நாளும் தண்ணியில கால் வச்சதில்ல. தனியா வரவ செருப்ப எங்க வச்சிட்டு எறங்கறது?"

"சேல நனைஞ்சா வூட்டுல இன்னா சொல்லுவீங்க?"

"அத அப்பறம் பாத்துக்கலாம்" என்று புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, அறுபதை நெருங்கும் அந்த மனுஷி தண்ணீரைப் பார்த்து நடந்தாள். முதல் அலையைக் கண்டு இரண்டடி பின்னால் ஓடி வந்தாள். இரண்டாவது அலைக்கு நின்றாள். மூன்றாவது அலையில் அவள் போட்ட சத்தம் படகுக்காரர்களுக்கே கேட்டிருக்கும்.

பவானி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு ஜோடி செருப்பையும் மடியருகே இழுத்து வைத்துக்கொண்டாள். அப்போது கையிலிருந்த போன் அடித்தது. புஷ்பவள்ளியின் போன். 'இசைவாணி' என்று வந்தது. இசைவாணி புஷ்பவள்ளியின் மருமகள். ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் தேடிக்கொண்டு கோயிலுக்கே ஆள் அனுப்பிவிடுவார்கள்.

பவானி தொண்டையைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு எடுத்தாள்.

"அத்த, எங்க இருக்கீங்க?"

"அத்த இல்லம்மா. கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கறவ பேசறேன். போன இங்க குடுத்துட்டு உள்ள போயிருக்காங்க."

"அப்பிடியா. எப்ப வருவாங்க?"

பவானி கடலைப் பார்த்தாள். புஷ்பவள்ளி இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நேரமாவும்மா. இப்பத்தான் சாமி பக்கத்துல போயிருக்காங்க."

"அது இன்னா சத்தம், ஓன்னு கேக்குது?"

"கூட்டம்மா" என்றாள் பவானி. "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி."